தோற்றவருக்குப் பத்தாண்டு ஒப்பந்தம்

கால்பந்து என்றால் நமக்கு மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும்தான். அதே பெயரில் அமெரிக்கர்கள் ஆடுவது முற்றிலும் வேறு ஆட்டம். பந்து நீள்வட்டமாக இருக்கும். காலில் படுவதைவிடக் கையில் இருக்கும் நேரமே அதிகம். டி.வி.யில் பார்க்கும் நம் பிள்ளைகள், "ஏன் நிமிஷத்துக்கு ஒரு தரம் ஆட்டத்தை நிறுத்துகிறார்கள்?" என்று கேட்பதுண்டு. விஷயமே அந்த நிறுத்தத்தில்தான் இருக்கிறது.

பந்தை வைத்திருக்கும் அணி 4 முயற்சிகளுக்குள் 10 கஜ தூரம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சியிலும் 11 பேரும் எங்கே ஓட வேண்டும், யாரைத் தடுக்க வேண்டும் என்பதை முன்பே வகுத்து வைத்திருப்பார்கள். அந்த வகுப்புக்கெல்லாம் பொறுப்பாளி, கோட்டுக்கு வெளியே நிற்கும் தலைமைப் பயிற்சியாளர். வெற்றியும் தோல்வியும் அவர் கணக்கில்தான் எழுதப்படும். இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து தோற்றால் வேலை போவது அங்கே சர்வ சாதாரணம்.

அப்படிப்பட்ட வேலையில் ஒரே அணியில் 29 வருடம் இருந்தவர் டாம் லாண்ட்ரி. 1924ல் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லைக்கு அருகே உள்ள மிஷன் என்ற சிற்றூரில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தின் துணை விமானியாக 30 தடவை பறந்தவர். அதே போரில் விமானியாக இருந்த அவருடைய அண்ணன் உயிரோடு திரும்பவில்லை. பிறகு நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் விளையாடிக்கொண்டே தொழிற்சாலைப் பொறியியலில் பட்டம் பெற்றார். அந்தப் படிப்பு வீண் போகவில்லை. ஆட்டத்தையும் ஓர் இயந்திரத்தைப் போலப் பிரித்துப் பார்த்தார்.

1960ல் டல்லாஸ் நகரில் கௌபாய்ஸ் என்ற புது அணி தொடங்கியபோது, தலைமைப் பயிற்சியாளராக லாண்ட்ரி நியமிக்கப்பட்டார். கல்லூரி வீரர்களைப் பங்கிட்டு எடுக்கும் தேர்வு அந்த ஆண்டுக்கு முடிந்துபோயிருந்தது. மற்ற அணிகள் தங்களுக்குத் தேவையானவர்களை வைத்துக்கொண்டு விட்டுக்கொடுத்தவர்களே பெரும்பாலும் கிடைத்தார்கள். முதல் வருடம் 12 ஆட்டம். 11ல் தோல்வி, ஒன்று சமன். அடுத்த மூன்று வருடங்களிலும் வெற்றியைவிடத் தோல்வியே அதிகம். 1963ல் 14 ஆட்டத்தில் 4ல்தான் ஜெயித்தார்கள். பயிற்சியாளரை மாற்ற வேண்டும் என்ற குரல் ஊரில் எழுந்தது.

உரிமையாளர் கிளின்ட் மர்ச்சிசன் 1964ன் தொடக்கத்தில் ஒரு முடிவு எடுத்தார். லாண்ட்ரியின் ஒப்பந்தத்தை மேலும் 10 வருடத்துக்கு நீட்டித்தார்! தோற்றுக்கொண்டிருப்பவருக்கு இப்படிச் செய்த முதலாளியை விளையாட்டு உலகில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

லாண்ட்ரியின் முறைக்கு உண்மையில் காலம் தேவைப்பட்டது. பந்து போகும் பக்கமெல்லாம் ஓடுவது வீரனின் இயல்பு. அவரோ, ஓடாதே, உனக்கு ஒதுக்கிய இடைவெளியைக் காத்து நில், பந்து அங்கே வந்தால் உன்னுடையது என்றார். பக்கத்தில் நிற்பவனும் தன் இடத்தைக் காப்பான் என்ற நம்பிக்கை இல்லாமல் இது நடக்காது. அந்த நம்பிக்கை ஒரு வருடத்தில் வந்துவிடாது.

பலன் 1966ல் தெரிந்தது. அந்த வருடம் தொடங்கி 1985 வரை தொடர்ந்து 20 வருடங்கள், தோல்வியைவிட வெற்றி அதிகம். இன்றுவரை அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை. ஆனாலும் கடைசிப் படியில் வழுக்கி விழும் அணி என்ற கெட்ட பெயர் சில காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. 1966, 1967 இரண்டு வருடமும் பட்டத்துக்கான ஆட்டத்தில் கிரீன் பே அணியிடம் தோல்வி. அந்த அணியின் பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டி, நியூயார்க்கில் லாண்ட்ரியோடு கூட வேலை பார்த்தவர்! இரண்டாவது ஆட்டம் பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி குளிரில், கடைசி விநாடிகளில் கைநழுவியது.

எப்போதும் சரியாகவே செய்தார் என்றும் சொல்ல முடியாது. 1971ல் ஸ்டாபாக், மார்ட்டன் என்ற இரண்டு முன்னணி வீரர்களில் யாரை வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்க முடியாமல், ஒரே ஆட்டத்தில் முயற்சிக்கு ஒருவராக மாற்றி மாற்றி அனுப்பினார். அந்த ஆட்டம் தோல்வி. அதன்பின் ஸ்டாபாக்கையே நிலையாக வைத்தார். தொடர்ந்து 10 வெற்றி. பத்தாவது வெற்றி, 1972 ஜனவரியில் நடந்த சூப்பர் பௌல் இறுதி ஆட்டம். 1978 ஜனவரியில் அந்தப் பட்டம் இரண்டாவது முறையும் கிடைத்தது.

மைதானத்தில் அவர் கோட்டும் டையும் அணிந்து, தலையில் தொப்பியுடன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். முகத்தைப் பார்த்து ஜெயிக்கிறாரா தோற்கிறாரா என்று சொல்ல முடியாது.

கடைசி மூன்று வருடம் சரிவு. 1988ல் 16 ஆட்டத்தில் 3 வெற்றி மட்டுமே. 1989 பிப்ரவரியில் அணியை வாங்கிய ஜெர்ரி ஜோன்ஸ், முதல் காரியமாக லாண்ட்ரியை நீக்கினார். விலை கொடுத்தவருக்கு அந்த உரிமை உண்டு, மாற்றமும் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் 29 வருட உழைப்புக்கு, கோல்ஃப் மைதானத்தில் தேடி வந்து ஒரு சின்னப் பேச்சில் விடை கொடுத்தது யாருக்கும் பிடிக்கவில்லை. எதற்கும் கலங்காதவர் என்று பெயரெடுத்த மனிதர், வீரர்களிடம் விடைபெறும்போது கண்ணீர் விட்டார். ஏப்ரலில் டல்லாஸ் மக்கள் தெருவில் திரண்டு அவருக்கு ஊர்வலம் நடத்தினார்கள்.

புதிதாக வந்த ஜிம்மி ஜான்சன் முதல் வருடம் 16 ஆட்டத்தில் ஒன்றே ஒன்றில் ஜெயித்தார். அவருக்கும் பொறுமையாகக் காலம் கொடுத்தார்கள். 1993, 1994 ஜனவரிகளில் அவருக்குப் பட்டம் கிடைத்தது.

லாண்ட்ரி 2000 பிப்ரவரியில் காலமானார். அந்த ஆண்டு கௌபாய்ஸ் வீரர்கள் தங்கள் சட்டையில் அவருடைய தொப்பியின் சின்னத்தைத் தைத்துக்கொண்டு ஆடினார்கள்.