சூளைத் தட்டுக்கு வெள்ளைப் பூச்சு எதற்கு?

பாலியெஸ்டர் துணியை அதிகச் சூட்டில் தேய்த்தால் என்ன ஆகும்? இழை இளகி, இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். இதைத் தடுக்கவே திருப்பூர் பனியன் தொழிற்சாலைகளில் பெட்டியின் அடியில் டெஃப்லான் உறை மாட்டுவார்கள்.

சூளையிலும் இதே தொல்லை உண்டு. ஆனால் அங்கே டெஃப்லான் உதவாது. 327 பாகை செல்சியசிலேயே அது உருகிவிடும்!

கடலூர் மாவட்டம் விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். பீங்கான் பொருள்களைத் தட்டுகளில் அடுக்கிச் சூளையில் சுடுவார்கள். பீங்கானின் பளபளப்பான மேற்பூச்சு என்ன தெரியுமா? அதுவும் ஒருவகைக் கண்ணாடியே! அது உருகி வழிந்தால் கோப்பை தட்டோடு ஒட்டிவிடும். கண்ணாடித் துண்டுகளை அடுக்கி, 800 பாகை அளவில் இளக்கி ஒன்றாக்கும் கலைஞர்களுக்கும் இதே கவலைதான்.

இதற்குத் தீர்வு தருவது வெண்களி. சீனாவின் காவோலிங் என்னும் இடத்தின் பெயரால் இதைக் கயோலின் என்கிறோம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள மண்படிவுகளிலும் இது கிடைக்கிறது. கயோலினையும் அலுமினாத் தூளையும் நீரில் பால்போலக் கரைத்துத் தட்டின் மேல் தூரிகையால் பூசுவார்கள். கயோலின் உருக 1,700 பாகைக்கும் அதிகமான வெப்பம் தேவை. எனவே கண்ணாடி இளகினாலும் பூச்சு இளகாது. சப்பாத்தி மாவு பலகையில் ஒட்டாமலிருக்க அம்மா தூவும் உலர்மாவு போன்றது இது.

ஆனால் இந்தப் பூச்சு நிரந்தரமன்று. 600 பாகையை நெருங்கும்போது கயோலின் தன் படிகத்தில் கட்டுண்ட நீரை இழக்கிறது. அதன் தன்மையே மாறிவிடுகிறது. கண்ணாடியை இளக்கும் சூட்டைக் கண்ட பழைய பூச்சு, அடுத்த முறை உதிர்ந்து கண்ணாடியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும்.

இங்கே இரண்டு ஆபத்துகள் உள்ளன. பூச்சை உலர்ந்த நிலையில் சுரண்டினால் நுண்தூசி பறக்கும். அதில் சிலிக்கா இருந்தால், நாளடைவில் நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்னும் தீராத நோயைத் தரும். எனவே ஈரப்படுத்தி, முகமூடி அணிந்தே சுரண்ட வேண்டும்.

அடுத்தது, ஈரத் தட்டை அப்படியே சூளையில் வைக்கக்கூடாது. நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும். வெளியேற வழியில்லாத ஆவி தட்டையே பிளந்துவிடும். நன்றாக உலர்ந்த பிறகே சூடேற்ற வேண்டும்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. தட்டின் மேற்புறத்தில் மட்டுமே பூச்சுப் பூசுகிறார்கள், அடிப்புறத்தில் பூசுவதில்லை. ஏன்? அடுக்கடுக்காகத் தட்டுகள், ஒவ்வொன்றின் மீதும் கோப்பைகள் என்று ஒரு சூளையை வரைந்து பாருங்கள். விடை உங்களுக்கே புலப்படும்!