லைன்: நூலிலிருந்து லயம் வரை

மாணவர்களே, 'லைன்' என்னும் ஆங்கிலப் பெயர்ச்சொல்லை நாம் தினமும் பேசுகிறோம். எழுதும்போதுதான் தவறு நேர்கிறது. கலவானயில் எனது வகுப்பு மாணவி ஒருவர் 'எனது வீடு' என்ற கட்டுரையில் 'ஐ லிவ் இன் எ லைன்' என எழுதியிருந்தார். தோட்டத்தை அறியாத ஒருவர் இதை 'நான் ஒரு வரிசையில் வாழ்கிறேன்' என்றுதான் விளங்கிக்கொள்வார்.

இச்சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். இலத்தீனில் 'லினும்' என்பது ஒரு நார்ச்செடி. லினன் துணி அதன் நாரில் நெய்யப்படுகிறது. கிரிக்கெட் மட்டைக்குப் பூசும் லின்சீட் எண்ணெய் அதன் விதையிலிருந்து கிடைக்கிறது. அந்த நாரில் திரித்த நூல் 'லினெயா' எனப்பட்டது. மேசன்மார் சுவர் கட்டும்போது நூல் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இழுத்துக் கட்டிய நூல் நேராக நிற்கும் அல்லவா? அதனால் நூலின் பெயர் கோட்டுக்கும் பின்னர் வரிசைக்கும் வந்தது. துணி காயப்போடும் கொடியும் தூண்டில் நூலும் ஆங்கிலத்தில் இன்றும் லைன்தான்.

கவிதையின் வரி, தொலைபேசி இணைப்பு, ரயில் பாதை ஆகியனவும் லைன். (களனிவெளி லைன் 1912இல் இரத்தினபுரி வரை வந்தது, இன்று அவிசாவளையுடன் நின்றுவிடுகிறது.) 'ஹோல்ட் த லைன்' என்றால் தொலைபேசியை வைக்காமல் காத்திருங்கள் என்பது பொருள். கடையில் நிற்கும் வரிசையை அமெரிக்கர் லைன் என்பர், பிரித்தானியர் கியூ என்பர். விடைத்தாளில் கியூ என்றே எழுதுங்கள்.

இனி நமது லைன். பிரித்தானியப் படையில் வரிசையாக அமைந்த கூடாரங்களையும் குடிசைகளையும் 'லைன்ஸ்' என அழைத்தனர். தோட்டங்களில் ஒரே கூரையின் கீழ் அறை அறையாகக் கட்டப்பட்ட குடியிருப்புகளுக்கும் அதே பெயர். துரைமாரின் 'லைன்' நம்மவர் வாயில் 'லயன்' ஆகி, 'லயம்' ஆயிற்று. இசையில் வரும் லயம் வடமொழிச் சொல், அது வேறு. சிங்கமும் இதில் சேராது!

கட்டுரையைத் திருத்தி எழுதச் சொன்னபோது அம்மாணவி வெறுமனே 'ஹவுஸ்' என்று மாற்றினார். கேட்டதற்கு, "வெட்கமா இருக்கு சேர்" என்றார். ஒரு குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடி போதும் என்று கணக்குப் போட்டவர்கள் அல்லவா வெட்கப்பட வேண்டும்? பிள்ளைகளே, மறைக்காமல் எழுதுங்கள்; ஆனால் சரியாக எழுதுங்கள்: 'வீ லிவ் இன் எ லைன் ரூம் ஒன் எ டீ எஸ்டேட்.' லைன் ரூமுக்கு முன் 'இன்', எஸ்டேட்டுக்கு முன் 'ஒன்'.