கல்லும் வளர்கிறது, உயிரும் வளர்கிறது

கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ப்பள்ளிகளில் தொடக்க வகுப்பு மாணவர்கள் உயிருள்ளவை எவை, உயிரற்றவை எவை என்று பிரித்தறியக் கற்கின்றனர். சுவாசித்தல், உணவும் நீரும் கொள்ளுதல், நகர்தல், வளர்தல், இனவிருத்தி செய்தல் ஆகியவை உயிருள்ளவற்றின் பண்புகள் என்பது அங்கே கற்பிக்கப்படும் அடிப்படை. அன்றாடத் தேவைக்கு இது போதுமானதே. எனினும், கோலாலம்பூருக்கு வடக்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில், தைப்பூசத்தால் உலகறிந்த பத்துமலையின் குகைகளில் இதனைப் பொருத்திப் பார்க்கும்போது, இப்பண்புகளை இன்னும் கூர்மையாக வரையறுக்க வேண்டிய தேவை எழுகிறது.

அக்குகைகளின் கூரையிலிருந்து ஆலம்விழுதுபோல் தொங்கும் கற்கள் உண்மையிலேயே வளர்கின்றன. மண்ணிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கும் மழைநீர், வலுக்குறைந்த அமிலமாகிச் சுண்ணாம்புக்கல்லைச் சிறிது சிறிதாக அரிக்கிறது. அந்நீர் கூரையில் துளியாக நிற்கும்போது வாயு பிரிந்துவிட, கரைந்திருந்த கால்சியம் கார்பனேட்டு மீண்டும் திடப்பொருளாகப் படிகிறது. இவ்வாறு படலத்தின்மேல் படலம் சேர்ந்து, பொதுவாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே நீளும் இக்கல்விழுதின் வளர்ச்சி, வெளியிலிருந்து வந்து ஒட்டுவதால் மட்டுமே நிகழ்வது. வந்த பொருளைக் கல் வேறொன்றாக மாற்றிப் பயன்கொள்வதில்லை. உடைந்த பகுதியைத் தன் முயற்சியால் சீர்செய்வதும் இல்லை.

அதே குகைகளில் தங்கும் தேனுண்ணும் வௌவாலின் வளர்ச்சி முற்றிலும் வேறானது. இரவில் நெடுந்தொலைவு பறந்து, டுரியான், பெத்தாய் முதலிய மரங்களின் மலர்களை நாடி, மகரந்தச் சேர்க்கைக்கும் உதவும் இவ்வௌவால் உண்ட தேனின் சர்க்கரையை, அதன் உயிரணுக்கள் ஆக்சிஜனின் துணையால் சிதைத்து ஆற்றல் பெறுகின்றன. அந்த ஆற்றலைக் கொண்டு புதிய புரதங்களைக் கட்டுகின்றன, பழுதானவற்றைக் கழிக்கின்றன. ஆக்கமும் சிதைவும் ஓயாது நிகழும் இவ்வேதிவினைகளின் தொகுதியை அறிவியலார் வளர்சிதை மாற்றம் என்பர். உடலைக் கட்டிய பொருள்கள் மாறிக்கொண்டேயிருக்க, உடலின் ஒழுங்கமைப்பு நிலைத்திருப்பதே இதன் விளைவு. ‘உயிர் என்றால் என்ன?’ என்னும் பொருள்படும் தலைப்பில் 1944இல் வெளிவந்த நூலில் இயற்பியலாளர் எர்வின் ஷ்ரோடிங்கர் இதனையே மையமாக்கினார்: எல்லாம் ஒழுங்கின்மையை நோக்கிச் செல்லும் உலகில், உயிரி தன் சூழலிலிருந்து ஒழுங்கைப் பெற்றுத் தன்னைக் காத்துக்கொள்கிறது என்பது அவர் கருத்து.

நகர்தலும் உணர்தலும் இவ்வாறே ஆராயத்தக்கவை. தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்து, இடம்விட்டு நகராத புல்லையும் மரத்தையும் தொடுவுணர்வு உடைய ஓரறிவுயிர்களாகச் சேர்த்தது. தாவரங்கள் தூண்டலுக்கு மின்துலங்கல் காட்டுவதைக் கருவிகளால் அளந்த ஜகதீஷ் சந்திர போஸ், 1902இல் வெளியிட்ட நூலில், தகரம் போன்ற உலோகங்களும் அதிர்வுக்கு உள்ளாகும்போது அதனை ஒத்த துலங்கலைத் தருவதை விளக்கினார். ஆகவே, துலங்கல் மட்டும் உயிருக்குச் சான்றாகிவிடாது. வௌவாலின் துலங்கல் அதன் உயிரைக் காக்கப் பயன்படுகிறது. உலோகத்துக்கோ தன் துலங்கலால் பெறுவதற்கு எதுவும் இல்லை.

மற்றோர் அடிப்படை வேறுபாடு மரபில் அமைந்துள்ளது. பத்துமலைக் குகைகளில் வாழ்வதும், 1923இல் அறிவியல் பெயர் பெற்றதுமான லிபிஸ்டியஸ் பத்துவென்சிஸ் என்னும் சிலந்தி, குகைச் சுவரில் மூடியுள்ள குழாய்க்கூடு கட்டி, அதன் வாயிலிலிருந்து இழைகளைப் பரப்பி, அவற்றில் இரை இடறும் அதிர்வை உணர்ந்து பாய்கிறது. இத்தொழிலை அதற்கு எவரும் கற்பிப்பதில்லை. உடலமைப்புக்கும் இயல்பூக்கத்துக்கும் வேண்டிய செய்தி, டிஎன்ஏ என்னும் நீண்ட மூலக்கூறில் எழுதப்பட்டுப் பெற்றோரிடமிருந்து வருகிறது. படியெடுக்கும்போது நேரும் சிறு மாற்றங்களில் சூழலுக்கு உகந்தவை நிலைபெறுவதால் உயிரினங்கள் பரிணமிக்கின்றன.

வளர்சிதை மாற்றம், மரபு என்னும் இவ்விரு அளவுகோல்களும் ஒன்றுக்கொன்று முரண்படும் எல்லைப்பகுதி ஒன்றும் உண்டு. 1998, 1999ஆம் ஆண்டுகளில் மலேசியப் பன்றிப் பண்ணைகளில் பரவி, 265 பேரைத் தாக்கி 105 பேரின் உயிரைப் பறித்த நோய்க்குக் காரணமான வைரஸ், கோலாலம்பூரின் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்டு, நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் நிப்பா எனப்பட்டது. பழந்தின்னி வௌவால்களே அதன் இயற்கை இருப்பிடம். அந்த வைரஸிடம் மரபுச் செய்தி உண்டு, மாற்றமும் உண்டு. ஆனால் வளர்சிதை மாற்றம் இல்லை. உயிரணுவுக்கு வெளியே செயலற்ற துகளாகக் கிடக்கும் அது, உள்ளே புகுந்தபின் அவ்வுயிரணுவின் கருவிகளைக் கொண்டே பெருகுகிறது. இதனால்தான் வைரஸை உயிருள்ளவற்றோடு சேர்ப்பதா என்னும் விவாதம் இன்றும் தொடர்கிறது.

கல்லுக்கும் உயிருக்கும் மூலப்பொருளில் வேறுபாடு இல்லை. சுண்ணாம்புப் பாறையிலுள்ள கால்சியமே வௌவாலின் எலும்பிலும் உள்ளது. தன்னைக் காக்கும் வேதியியலும், மாற்றங்களோடு தலைமுறை கடக்கும் செய்தியும் ஓர் உடலில் ஒன்றுசேர்வதே உயிரைத் தனித்துக் காட்டுகிறது. கல்விழுது உடைந்தால், நீரும் பாறையும் இருக்கும்வரை, பல்லாயிரம் ஆண்டுகளிலேனும் மற்றொன்று அங்கே உருவாகக்கூடும். பத்துமலைச் சிலந்தியினம் அழிந்தாலோ, முன்னோரிடமிருந்து இடையறாது வந்த செய்தி அத்துடன் முடிந்துவிடும். எந்த வேதிவினையும் அதனை மீண்டும் எழுதாது. நகரம் நெருங்கிவரும் இக்காலத்தில், குகைகளையும் வௌவால்கள் இரைதேடும் காடுகளையும் காப்பது ஏன் கடமையாகிறது என்பதற்கு, பள்ளியில் தொடங்கும் அந்த எளிய பாடமே உறுதியான காரணத்தைத் தருகிறது.