முதலாளி மாறினால் வாக்கும் மாறுமா?

கீரனூர்ப் பக்கம் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். கடலை மூட்டையைக் கண்ணெதிரே எடை போட்டு, சிட்டை எழுதி, அன்றைக்கே பணம் தரும் முதலாளி. மண்டி விலைக்கு மேல் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகவும் தருவார். அவருக்கு வயதாகிவிட்டது, வெளியூர் நிறுவனம் ஒன்று வாங்க வருகிறது. "எல்லாம் இப்போ மாதிரியேதான் நடக்கும்" என்கிறார்கள்.

அந்த வார்த்தையை மட்டும் நம்பி முதலாளி கையெழுத்துப் போடக் கூடாது. வி.பி. ரங்கராஜ் வழக்கை நினைத்துப் பாருங்கள். ஒரு குடும்பத்தின் தனியார் கம்பெனி. பங்கை விற்பதென்றால் முதலில் தங்கள் கிளையில் உள்ளவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்பது வாய்மொழி ஒப்பந்தம். ஒருவர் அதை மீறி விற்றார். கம்பெனியின் உள் நிர்வாகத்தை வகுக்கும் சங்க விதிகளில் இல்லாத கட்டுப்பாடு கம்பெனியையோ பங்குதாரரையோ கட்டுப்படுத்தாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அண்ணன் தம்பி வாக்குக்கே இந்தக் கதி.

ஆகவே கண்ணெதிரே எடை, அன்றைக்கே பணம் என்ற நோக்கத்தைச் சங்க விதிகளில் எழுதுங்கள். நான்கில் மூன்று பங்கு வாக்கு இருந்தால் விதிகளை மாற்றிவிடலாம். அதனால் 2013 கம்பெனிச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு ஒரு பூட்டுக்கு வழி வைத்திருக்கிறது: குறிப்பிட்ட விதியை மாற்ற, அதைவிடக் கடினமான நிபந்தனை போடலாம். நடந்துகொண்டிருக்கும் தனியார் கம்பெனியில் இதைச் சேர்க்கப் பங்குதாரர் எல்லாரும் சம்மதிக்க வேண்டும், பதிவாளருக்கும் தெரிவிக்க வேண்டும். ஆனால் எல்லாப் பங்கையும் விற்றுவிட்டால் பூட்டும் சாவியும் வாங்கியவர் கையில்தான். சிறு பங்கையாவது ஓர் அறக்கட்டளையிடம் விட்டு, அதன் சம்மதமில்லாமல் அந்த விதி மாறாதபடி செய்வதே என் கணிப்பில் உறுதியான வழி.

எழுதினாலும் காவல் தேவை. பென் அண்ட் ஜெர்ரிஸ் ஐஸ்கிரீம் கம்பெனியை 2000-இல் யூனிலீவர் வாங்கியபோது, சமூக நோக்கத்தைக் காக்கத் தனி இயக்குநர் குழு ஒப்பந்தத்திலேயே இடம்பெற்றது. பிறகு வழக்குகள் வந்தன. நிறுவனர்களில் ஒருவரான ஜெர்ரி கிரீன்ஃபீல்ட், கம்பெனியின் சுதந்திரம் போய்விட்டது என்று சொல்லி 2025-இல் வெளியேறினார். மீறினால் யார் வழக்குப் போடலாம், செலவு யாருடையது என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

விற்பனைக்கே இடம் தராத அமைப்புகளும் உண்டு. மதுரையில் 1992-இல் தொடங்கி, கண்ணுக்குள் வைக்கும் வில்லைகளைக் குறைந்த விலையில் செய்துவரும் ஆரோலாப் அறக்கட்டளையாகவே நடக்கிறது. அங்கே விற்றுக் காசாக்க ஒரு முதலாளி இல்லை. விவசாயிகள் சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் கம்பெனியிலும் பங்கு உற்பத்தியாளர் கையை விட்டுப் போகாது.

விவசாயியும் வேலையாளும் முதலில் கேட்க வேண்டியது: விற்பது பங்கையா, தொழிலையா? பங்கு கைமாறினால் கம்பெனி அதேதான், அதனோடு போட்ட ஒப்பந்தம் நிற்கும். மில், இயந்திரம், பிராண்ட் மட்டும் விற்கப்பட்டால் உங்கள் ஒப்பந்தம் தானாகப் புதியவரிடம் போகாது. அவர் ஏற்று எழுதித் தர வேண்டும். பழைய சிட்டையை எடுத்துப் பாருங்கள்: மேலே கம்பெனிப் பெயர் அச்சாகியிருக்கிறதா, அந்த இரண்டு ரூபாய் எங்காவது எழுதியிருக்கிறதா? இல்லையென்றால், பத்திரம் முடிவதற்குள் பழைய முதலாளியிடம் போய் எழுதி வாங்குங்கள்.