ஏல வீடு: உள்ளே போய்ப் பார்த்த பிறகே பணம்

நாளிதழ்களின் உள்பக்கங்களில் பொடி எழுத்தில் வரும் வங்கி ஏல அறிவிப்புகளை நம் இளைஞர்களும் இப்போது வரி விடாமல் படிக்கிறார்கள். கடன் கட்ட முடியாதவர்களின் வீடுகளும் மனைகளும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின் கீழ் விற்பனைக்கு வருகின்றன. நம் ஆட்களை ஈர்ப்பது விலை மட்டுமல்ல. ஊருக்குள் ஒரு வீட்டை விலை பேசப் போனால், விலைக்கு முன்பே 'நீங்க எந்தத் தெரு?' என்ற கேள்வி வருகிறது. பதில் தெரிந்ததும், 'இப்போதைக்கு விற்கிற யோசனை இல்லை' என்கிறார்கள். மின் ஏலத்தில் அந்தக் கேள்வி கிடையாது. கூடுதல் விலை கேட்டவருக்கு வீடு.

சேரிக்கு வெளியே வீடு வாங்க இப்படியொரு வழி திறந்திருப்பது நல்லதுதான். ஆனால் வங்கி வீட்டை விற்பது 'இருக்கிற இடத்தில், இருக்கிற நிலையில்' என்ற நிபந்தனையோடு. சுவர் விரிசல், பழைய பாக்கி, பத்திரக் குறை எல்லாம் வாங்கியவர் தலையில்தான் விழும். எனவே பார்வையிடுவது சடங்கல்ல. நம் பணத்துக்கு இருக்கும் ஒரே காப்பு.

முதல் முறை ஏலம் என்றால் அறிவிப்பு வெளியானதிலிருந்து 30 நாள் கழித்தே விற்க முடியும். அந்த 30 நாளும் நமக்கானவை. சொத்தைப் பார்வையிடும் நாளும் வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அலுவலரின் தொலைபேசி எண்ணும் பெரும்பாலும் அறிவிப்பிலேயே இருக்கும். பேசிவிட்டு, கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி வைப்போம். பிறகு யாரும் 'நீங்கள் கேட்கவே இல்லை' என்று சொல்ல முடியாது.

அறிவிப்பில் முதலில் தேட வேண்டிய சொல் 'சுவாதீனம்'. நேரடி சுவாதீனம் என்றால் சாவி வங்கியிடம் இருக்கிறது. அடையாள சுவாதீனம் என்றால் கதவில் நோட்டீஸ் மட்டும் ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே பழைய உரிமையாளரோ வாடகைதாரரோ இருக்கலாம். அவர்களை வெளியேற்ற மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ வங்கி ஆணை பெற வேண்டும். அது மாதக்கணக்கில் இழுக்கலாம். கடன் வசூல் தீர்ப்பாயத்தில் வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்றும் கேட்போம். உள்ளே விடாத வீட்டுக்கு விலை கேட்காமல் இருப்பதே நல்லது.

போகும்போது நம்பிக்கையான கொத்தனார் ஒருவரையும் மின்பணியாளர் ஒருவரையும் அழைத்துப் போவோம். ஒரு நாள் கூலிதான் செலவு. தளத்தில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்திருக்கிறதா, சுவரடியில் ஈரம் ஏறியிருக்கிறதா, கதவு நிலையில் கரையான் இருக்கிறதா, ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் வருகிறதா, கழிவுநீர்த் தொட்டி நம் எல்லைக்குள் இருக்கிறதா என்று அவர்கள் பார்க்கட்டும். மின் கட்டணப் பாக்கியை மின்வாரிய அலுவலகத்தில் விசாரிப்போம். மின்வாரிய விதிகள் இடம் கொடுத்தால், பழைய உரிமையாளரின் பாக்கியை ஏலத்தில் வாங்கியவரிடம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணத்தையும் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்வோம்.

காகிதத்தையும் பார்வையிட வேண்டும். வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம், அ-பதிவேடு எல்லாம் இணையத்திலேயே கிடைக்கின்றன. படிக்கிற பிள்ளைகள் உட்கார்ந்தால் ஒரு மாலை நேர வேலை. குறைந்தது 30 ஆண்டு வில்லங்கம் பார்க்க வேண்டும். புல வரைபடத்தில் உள்ள அளவும், பாதையும், இடத்தில் இருப்பதோடு ஒத்துப்போகின்றனவா என்று டேப் பிடித்து அளக்க வேண்டும்.

நாம் மறக்கக் கூடாத இன்னொன்று பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு, 1892-இல் பிரிட்டிஷ் அரசு நம் முன்னோருக்கு நிபந்தனையோடு நிலம் வழங்கியது. அதைப் பிறர் கைக்கு மாற்றுவது நிபந்தனை மீறல். அப்படிக் கைமாறிய நிலத்தில் எழுந்த வீடாக இருந்தால், அதை அடமானம் வைத்தவரின் உரிமையே கேள்விக்குரியது. நம் பூட்டனுக்குக் கிடைத்த மண்ணை நாமே காசு கொடுத்து வாங்குகிற கொடுமையும் அதில் உண்டு. சந்தேகம் இருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பழைய பதிவேட்டின் நகலைக் கேட்போம்.

பார்வையிடப் போகும் நாளில்தான், ஏலத்தில் இல்லாத சாதிக் கேள்வி தெருவில் காத்திருக்கும். தனியாகப் போக வேண்டாம். வாங்கிய பிறகு அந்த வீட்டில் நாம் குடியிருப்பதற்கு யாரேனும் குறுக்கே நின்றால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3-ஆம் பிரிவின் கீழ்க் குற்றம். காவல் நிலையத்தில் அந்தச் சட்டத்தைச் சொல்லியே புகார் எழுதித் தர வேண்டும்.

இத்தனையும் முடித்த பிறகே முன்வைப்புத் தொகை. ஏலம் நம் பெயரில் முடிந்தால் அன்றோ மறுநாள் வேலை நாளிலோ விலையில் 25 சதவீதம் கட்டியாக வேண்டும். மீதி, விற்பனை உறுதியான 15 நாளுக்குள். எழுத்துமூலம் ஒப்புக்கொண்டால் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். தவறினால் கட்டிய பணம் திரும்பாது. அந்தப் பறிமுதல் செல்லும் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. எனவே வீட்டுக்கடன் கிடைக்குமா என்பதையும் ஏலத்துக்கு முன்பே உறுதி செய்துகொள்வோம். நகையை அடகு வைத்தும் சீட்டு எடுத்தும் சேர்த்த பணம் அது. கதவைத் திறந்து பார்க்காத வீட்டுக்கு அதில் ஒரு ரூபாயும் போக வேண்டாம்.