மூன்றாவது பாட்டில் வாங்கும் முன்: கடலைத் துருவும் கையில் இருக்க வேண்டிய பில்லும்

கடலைக்கு அறுபது நாள் தாண்டிவிட்டால் பூச்சிமருந்துக் கடைகளில் திரும்பத் திரும்ப இதுதான் நடக்கிறது. விவசாயி கைப்பேசியில் ஒரு இலையின் படத்தைக் காட்டுவார். கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்து வைப்பார். அடுத்த வாரம் வேறு பாட்டில். அதற்கும் அடுத்த வாரம், "இது புதுசா வந்திருக்குங்க" என்று இன்னொன்று. பல்லடம், சுல்தான்பேட்டை, அந்தியூர்ப் பக்கம் இப்படி மூன்று முறை மருந்தடித்து ஓய்ந்தவர்களின் காலி பாட்டில்களை வரிசையாக வைத்துப் படித்தால் வயிறு எரிகிறது. கம்பெனிப் பெயர் மூன்று, உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே: அசாக்ஸிஸ்ட்ரோபின். பில் எங்கே என்று கேட்டால், தொகை மட்டும் எழுதிய துண்டுச்சீட்டை நீட்டுகிறார்கள். சிலரிடம் அதுவும் இல்லை.

முதலில் இலையில் இருப்பது துரு நோய்தானா என்று பாருங்கள். பார்க்க வேண்டியது இலையின் அடிப்பக்கம். குண்டூசித் தலை அளவில் செங்கல் நிறக் கொப்புளங்கள் இருக்கும். வெள்ளைத் துணியால் துடைத்தால் செம்பொடி ஒட்டும். துரு தாக்கிய இலை காய்ந்தாலும் பெரும்பாலும் செடியிலேயே நிற்கும். கரும்புள்ளி விழுந்து இலை உதிர்ந்தால் அது டிக்கா. இரண்டும் ஒரே இலையில் சேர்ந்து வருவதும் சகஜம். நம் பக்கத்துச் சுண்ணாம்பு மண்ணில் இன்னொரு குழப்பமும் உண்டு. குருத்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறைபாடு. அதற்கு அன்னபேதி உப்புக் கரைசல் போதும். அதைத் துரு என்று சொல்லிப் பூஞ்சைக்கொல்லி விற்பதை என்னவென்று சொல்வது?

ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிப்பது ஏன் ஆபத்து என்று புரிய, துருவை உண்டாக்கும் பூஞ்சையின் உடம்புக்குள் கொஞ்சம் போக வேண்டும். அசாக்ஸிஸ்ட்ரோபின், பைராக்ளோஸ்ட்ரோபின், டிரைஃபிளாக்ஸிஸ்ட்ரோபின் எல்லாம் ஒரே கூட்டம். பூஞ்சையின் செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் பி என்ற புரதத்தை அடைத்து அதன் மூச்சை நிறுத்துவதுதான் இவற்றின் வேலை. மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனியாக ஒரு சின்ன மரபணுத் தொகுப்பு இருக்கிறது. சோயா துருப் பூஞ்சையின் உட்கரு மரபணுத் தொகுப்பு நூறு கோடி எழுத்துகளுக்கு மேல் நீளும். அதன் மைட்டோகாண்ட்ரியத் தொகுப்போ சுமார் 32,000 எழுத்துதான். சைட்டோகுரோம் பி மரபணு இருப்பது அந்தச் சின்னத் தொகுப்பில். அதில், புரதத்தின் 143ஆம் அமினோ அமிலத்தைக் குறிக்கும் இடத்தில் ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும், இந்த மருந்துக் கூட்டம் மொத்தமும் செல்லாக்காசு. கோதுமையின் சாம்பல் நோய்ப் பூஞ்சை அப்படித்தான் தப்பித்தது.

துருப் பூஞ்சைகளில் பலவற்றுக்கு இந்த வழி அவ்வளவு எளிதில்லை. காப்பித் துரு, சோயா துரு, மக்காச்சோளத் துரு உள்ளிட்ட பல இனங்களில் அந்த 143ஆம் இடத்தை ஒட்டியே ஓர் இடைத்துண்டு உட்கார்ந்திருக்கிறது. புரதம் செய்யும் முன் செல் அதை வெட்டி எறிய வேண்டும். அங்கே எழுத்து மாறினால் வெட்டு கெடும், புரதம் உருவாகாது, பூஞ்சையே செத்துப்போகும். பரிணாமம் தற்செயலாக நமக்குக் கொடுத்த பாதுகாப்பு இது. ஆனால் "துருவுக்கு எதிர்ப்புத்திறன் வராது" என்று இதை வைத்து விற்பனைப் பிரதிநிதிகள் பேசினால் நம்பாதீர்கள். பிரேசிலில் அதே சோயா துரு 129ஆம் இடத்தில் மாற்றம் பெற்று இந்த மருந்துகளின் வேகத்தைக் குறைத்துவிட்டது. இடைத்துண்டுகளும் காலப்போக்கில் சேர்வதும் தொலைவதும் உண்டு. கடலைத் துருவான பக்சீனியா அராக்கிடிஸ் காற்றில் வித்து பரப்பும் பூஞ்சை. ஓர் ஊர்க் காட்டில் தேறிய வித்து அடுத்த ஊர்க் காட்டில் போய் இறங்கும்.

ஆகவே பாட்டிலின் முன்பக்கம் உள்ள பெரிய பெயரைப் பார்க்காதீர்கள். பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பொதுப்பெயரைப் படியுங்கள். போன முறை அடித்த பெயர் இதிலும் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். மான்கோசெப், குளோரோதலோனில் பூஞ்சையைப் பல இடங்களில் தாக்குபவை. டெபுகோனசோல் வேலை செய்யும் இடம் முற்றிலும் வேறு. மாற்றி மாற்றி அடிக்க வேண்டியது இவற்றைத்தான், கம்பெனியை அல்ல. உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளில் உங்கள் பயிரும் நோயும் அளவும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த மருந்து உங்கள் காட்டுக்கு அனுமதிக்கப்பட்டதே அல்ல.

படத்தைக் காட்டி மருந்து வாங்குவதை விடுங்கள். நோயுள்ள நாலைந்து செடியை வேரோடு பிடுங்கி, செய்தித்தாளில் மடித்து (பாலித்தீன் பையில் அல்ல, வேர்த்து அழுகிவிடும்) கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறைக்குக் கொண்டு போங்கள். தூரம் என்றால் காரமடை, பொங்கலூர், கோபிசெட்டிபாளையத்தில் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. கிசான் கால் சென்டர் 1800-180-1551, கட்டணம் இல்லை. பரிந்துரையை எழுத்தில் வாங்குங்கள். பின்னால் வழக்கு என்று வந்தால் அந்தத் தாள் பேசும்.

இனி பில். மருந்தின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, அளவு, விலை, கடையின் உரிம எண், உங்கள் பெயர் எல்லாம் இருந்தால்தான் அது பில். கடனுக்கு வாங்கினாலும் பில் உண்டு. "பில் போட்டால் ஜிஎஸ்டி ஏறும்" என்ற பேச்சுக்கு மசியாதீர்கள், பாட்டிலில் அச்சான அதிகபட்ச விலையில் வரி ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. பல பாட்டில் வாங்கினால் எல்லாவற்றையும் ஒரே நாளில் உடைக்க வேண்டாம். ஒன்றாவது சீல் உடையாமல் இருக்கட்டும். காலி பாட்டிலைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் லேபிளோடு வையுங்கள்.

மருந்து போலி என்று சந்தேகம் வந்தால் கடை முன் சத்தம் போட்டுப் பயனில்லை. அன்றைக்கே வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். பேட்ச் எண்ணைக் குறிப்பிட்டு, பில் நகல், சிட்டா, அடங்கல் இணைத்து, இன்னொரு பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பூச்சிக்கொல்லிச் சட்டம், 1968இன்படி ஆய்வாளர் கடையில் அதே பேட்ச் மாதிரியை எடுத்து, சீல் வைத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். பகுப்பாய்வாளர் முப்பது நாளில் அறிக்கை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தாமதித்தால் கடையில் அந்தப் பேட்ச் காலியாகிவிடும். இதைத்தான் சிலர் எதிர்பார்க்கிறார்கள். "மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம்" என்று மாதக்கணக்கில் அலைக்கழிக்கும் அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேசையில் தேங்குவது ஒரு குடும்பத்தின் ஒரு போக வருமானம். பதில் வராவிட்டால் மாவட்ட ஆட்சியரகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து எண் வாங்குங்கள். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு இரண்டே கேள்வி: மாதிரி எடுத்த தேதி என்ன, பகுப்பாய்வு அறிக்கையின் நகல் எங்கே.

நஷ்டஈடு தருவது பூச்சிக்கொல்லிச் சட்டம் அல்ல. அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். விவசாயி நுகர்வோர்தான் என்று 2012இல் தேசிய விதைக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். செலுத்திய விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. கெடு இரண்டு ஆண்டு. வழி தெரியாவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். ஆனால் பயிர் காட்டில் நிற்கும்போதே வேளாண் அலுவலரை அழைத்து நேரடி ஆய்வுக் குறிப்பு வாங்கியிருக்க வேண்டும். உழுதுவிட்டு வந்து சொன்னால் யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. மறுபடியும் சொல்கிறேன்: பில் இல்லையென்றால் இந்தக் கதவு எதுவும் திறக்காது.

பயிர்க் காப்பீட்டை நம்பிச் சும்மா இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆலங்கட்டி, வெள்ளத் தேக்கம் போன்றவற்றுக்கு 72 மணி நேரத்தில் தகவல் சொன்னால் தனி வயலைப் பார்ப்பார்கள். துருவுக்கு அப்படியில்லை. அறிவிக்கப்பட்ட பகுதி முழுவதன் சராசரி மகசூல் குறைந்தால்தான் பணம். உங்கள் காடு மட்டும் கருகினால் கிடைக்காது.

கடலைக்கொடியை மாட்டுக்குப் போடுபவர்கள் கடைசி மருந்துக்கும் அறுவடைக்கும் இடையே லேபிளில் உள்ள காத்திருப்பு நாளைக் கட்டாயம் எண்ணுங்கள். அறுவடைக்கு முந்தின வாரம் அடித்த மருந்து பாலில் வந்து சேரக்கூடும். லேபிளில் நாள் இல்லையென்றால் அந்தக் கொடியைத் தீவனத்துக்கு எடுக்காதீர்கள்.

கடலை பிடுங்கின காட்டில் உதிர்ந்த பருப்பு மழைக்குத் தானாக முளைக்கும். துரு அடுத்த போகம் வரை உயிர் பிழைப்பது அந்தச் செடிகளில்தான். விதைப்புக்கு முன் அவற்றை வேரோடு பிடுங்கிவிடுங்கள், வரப்போரத்தையும் சேர்த்து. பக்கத்துக் காட்டுக்காரரிடமும் சொல்லுங்கள்.