வெளிமேம்பாட்டுக் கட்டணம்: உயர்வை யார் ஏற்பது?

வீட்டுக் கடன் பிரிவில் பணியாற்றும் எங்களிடம் சில வாடிக்கையாளர்கள் ஒரு கடிதத்துடன் வருவதுண்டு. குருகிராமிலோ ஃபரிதாபாத்திலோ அடுக்ககம் ஒன்றில் வீடு முன்பதிவு செய்து, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, கடன் தவணையும் செலுத்தத் தொடங்கியிருப்பார்கள். அந்நிலையில், 'இ.டி.சி. உயர்ந்துள்ளது, கூடுதல் தொகையைச் செலுத்துக' என்று கட்டுநரிடமிருந்து கடிதம் வந்திருக்கும். விலை பேசி முடித்த பிறகு இது என்ன புதுச் செலவு என்று அவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், விடைதான் சற்று நீளமானது.

இ.டி.சி. எனப்படுவது வெளிமேம்பாட்டுக் கட்டணம். ஒரு குடியிருப்பின் மதிலுக்குள் சாலை, விளக்கு, கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றை அமைப்பது கட்டுநரின் பொறுப்பு. ஆனால் அந்தக் குழாய் மதிலைக் கடந்து எங்கே போய்ச் சேரும்? பெருங்குழாய்கள், சுத்திகரிப்பு நிலையம், மழைநீர் வடிகால், இணைப்புச் சாலைகள், துணை மின்நிலையம், தீயணைப்பு நிலையம் ஆகியவற்றை அரசு அமைத்தாக வேண்டும். புதிதாகக் குடியேறுவோரால் எழும் இச்செலவைப் பழைய குடிமக்களின் வரிப்பணத்தில் சுமத்தாமல், வளர்ச்சியால் பயன்பெறுவோரிடமே பெறுவதுதான் இக்கட்டணத்தின் நோக்கம். ஹரியானாவில் 1975ஆம் ஆண்டின் நகர்ப்புறப் பகுதிகள் மேம்பாட்டு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், மாநில நகர ஊரமைப்புத் துறை உரிமம் வழங்கும்போது ஏக்கர் கணக்கில் இதை விதிக்கிறது. கட்டுநர் அதைத் தவணைகளில் அரசுக்குச் செலுத்துகிறார். சதுர அடிக்கு இவ்வளவு எனப் பகிர்ந்து வீடு வாங்குவோரிடம் வசூலிக்கிறார்.

இதே சட்டம் எங்கள் துறையையும் தொடுகிறது. உரிமம் பெறுபவர், மதிலுக்குள் செய்யவேண்டிய பணிகளின் மதிப்பீட்டில் 25 விழுக்காட்டிற்கு வங்கி உத்தரவாதம் அளிக்க வேண்டும். 'வங்கி உத்தரவாதம் உள்ள திட்டம்' என்று விற்பனை முகவர்கள் கூறினால் மயங்கவேண்டா. அந்த உத்தரவாதம் அரசுத் துறையின் பெயரில் தரப்படுவது. வீடு வாங்குவோருக்குத் தரப்படுவதன்று.

கட்டணத்தை விதிப்பதைவிட, அதைக் காலத்திற்கேற்பத் திருத்துவதே கடினம். கட்டணம் இன்றைய மதிப்பீட்டில் நிர்ணயிக்கப்படுகிறது; பணியோ பல ஆண்டுகள் கழித்து நடைபெறுகிறது. இடையில் சிமெண்ட், இரும்பு, கூலி எல்லாம் உயர்கின்றன. இவற்றைவிடப் பெரிய செலவு நிலம். 2014 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த புதிய நில எடுப்புச் சட்டம், இழப்பீட்டுடன் நூறு விழுக்காடு ஆறுதல் தொகையையும் சேர்த்து வழங்கச் சொல்கிறது. உழவரின் நோக்கில் இது நேர்மையான ஏற்பாடே. ஆயினும் பழைய கணக்கை வைத்துக்கொண்டு ஒரு சாலைக்கான நிலத்தை இனி வாங்க இயலாது. துவாரகா விரைவுச்சாலையையே எடுத்துக்கொள்ளலாம். மாநில நகர்ப்புற வளர்ச்சி ஆணையம் திட்டமிட்ட அச்சாலை, நில எடுப்பு வழக்குகளில் ஆண்டுக்கணக்காகச் சிக்கி, பின்னர்த் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கைக்கு மாறி, அதன் ஹரியானா பகுதி 2024 மார்ச்சில்தான் திறக்கப்பட்டது. அச்சாலையை நம்பி வீடு வாங்கியவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே பணம் கட்டியவர்கள்.

இத்தகைய சூழலில் ஹரியானாவில் 2015ஆம் ஆண்டுக் கொள்கையின்படி அமைந்த கட்டணமே எட்டு ஆண்டுகளாக உயர்த்தப்படாமல் நீடித்தது. புதிய அடிப்படைக் கட்டணத்தைக் கணக்கிட்டுத் தருமாறு டில்லி, ரூர்கி ஐ.ஐ.டி.க்களை அரசு அணுகியது. இரண்டும் இயலாதெனத் தெரிவித்துவிட்டன. இறுதியில் 2024 டிசம்பரில் மாநில அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. 2025 ஜனவரி 1 முதல் 20 விழுக்காடு உயர்வு. புதிய அடிப்படைக் கட்டணம் முடிவாகும் வரை, 2026 ஜனவரி 1 முதல் ஆண்டுதோறும் 10 விழுக்காடு உயர்வு. முன்பு 100 ரூபாயாக இருந்த கட்டணம் 2025இல் 120, 2026இல் 132 என்றாகும். அதே முறை தொடர்ந்தால் 2027இல் 145 ரூபாயைத் தாண்டும்.

கட்டணம் உயராத ஆண்டுகள் வீடு வாங்கியோருக்கு ஆதாயமாக அமைந்தன என்று எண்ணத் தோன்றும். நாங்கள் அவ்வாறு கருதவில்லை. கட்டணம் நின்றாலும் செலவு நிற்பதில்லை. பற்றாக்குறையின் விலையைத் தண்ணீர் லாரிக்கும் மின்னாக்கிக்கான டீசலுக்கும் குடியிருப்போர் மாதந்தோறும் கொடுக்கிறார்கள். எஞ்சியது பிறகு வருவோரின் தலையில் ஒரே உயர்வாக இறங்குகிறது. இதில் இன்னொரு குறையும் உண்டு. வீடு வாங்கியோரிடம் வசூலித்த தொகையைக் கட்டுநர்கள் சிலர் அரசுக்குச் செலுத்தாமல் பெரும் நிலுவை வைத்தனர். அதை வசூலிக்க அரசு 2021இல் தனிச் சமரசத் திட்டமே அறிவிக்க நேர்ந்தது. நிலுவை வசூலாகாதவரை, கட்டண உயர்வு ஒழுங்காகச் செலுத்துவோரையே வருத்தும்.

மகாராஷ்டிரத்தின் வழி வேறு. முத்திரைத் தீர்வைக்காக அரசு வெளியிடும் 'ரெடி ரெக்கனர்' நில மதிப்பில் ஒரு குறிப்பிட்ட விழுக்காடாக மேம்பாட்டுக் கட்டணம் அமைகிறது. நில மதிப்பு திருத்தப்பட்டால் கட்டணமும் தானே மாறிவிடும். தனி அமைச்சரவை முடிவு தேவையில்லை. எங்களுக்கு இம்முறை ஏற்புடையதாகவே தோன்றுகிறது. எனினும் நில விலை ஏறும் வேகத்தில்தான் குழாய் பதிக்கும் செலவும் ஏறும் என்று கூற இயலாது. தமிழ்நாட்டில் இதற்கு உறவானவை, நகர ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வசூலிக்கப்படும் மேம்பாட்டுக் கட்டணமும் உட்கட்டமைப்பு வசதிகள் கட்டணமும்.

இனி, அந்தக் கடிதத்திற்கு வருவோம். கட்டட, மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டமான 'ரெரா'வின் கீழ் ஹரியானா 2017இல் வகுத்த விதிகளில் ஒரு மாதிரி விற்பனை ஒப்பந்தம் இணைக்கப்பட்டுள்ளது. அதன்படி வீட்டின் மொத்த விலை உயராது. ஆனால் அரசு அமைப்புகள் விதிக்கும் மேம்பாட்டுக் கட்டணங்களின் உயர்வு இதற்கு விலக்கு. ஆகவே கட்டுநர் கேட்பது அடிப்படையில் தவறன்று. ஆயினும் அவர் கேட்புக் கடிதத்துடன் உரிய அரசாணையின் நகலை இணைக்க வேண்டும். உயர்வு, அதன்பின் செலுத்தவேண்டிய தவணைகளுக்கே பொருந்தும். மேலும், ரெராவில் பதிந்த நிறைவுத் தேதி கடந்த பிறகு விதிக்கப்பட்ட உயர்வை வீடு வாங்கியவரிடம் வசூலிக்க முடியாது. தாமதம் கட்டுநருடையது என்றால் உயர்வும் அவருடையதே. கடிதம் கொண்டுவருவோரிடம் நாங்கள் முதலில் கேட்பது இந்த நிறைவுத் தேதியைத்தான். மாநில ரெரா இணையதளத்தில் திட்டத்தின் பதிவு எண்ணைக் கொண்டு எவரும் அதைக் காணலாம்.

கடன் தொகை ஒப்பந்த விலையை அடிப்படையாகக் கொண்டு ஒப்பளிக்கப்பட்டது. பின்னர் வரும் உயர்வு அதில் தானாகச் சேராது. கூடுதல் கடனுக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். அவ்வாறு வருவோர் விற்பனை ஒப்பந்தம், கேட்புக் கடிதம், அரசாணை நகல், இதுவரை செலுத்திய தவணைகளின் ரசீதுகள் ஆகிய நான்கையும் உடன் கொண்டுவந்தால், கேட்கப்பட்ட தொகையில் எவ்வளவு உண்மையில் செலுத்தத்தக்கது என்பதை ஒரே அமர்வில் பார்த்துவிடலாம்.